வழியில் நிற்கும் கார், ஷெட்டுக்கு வந்தால் நிற்பதில்லை

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தருமபுரியில் வசிக்கிறேன். 2004-இல் வாங்கிய சிறிய பெட்ரோல் காரை இன்றுவரை நானே ஓட்டுகிறேன். நான்கு சிலிண்டர், எம்.பி.எஃப்.ஐ. வண்டி; 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எட்டு மாதமாக ஒரு தொல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே, யாரோ சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் என்ஜின் அணைந்துவிடுகிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆவதில்லை. அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. ஒருமுறை சேலம் போகும்போது தொப்பூர் இறக்கத்திலேயே நின்றுவிட்டது, பின்னால் லாரிகள். இன்னொரு முறை டீ குடிக்க நிறுத்தினோம். பத்து நிமிடம் கழித்து வந்தபோது ஸ்டார்ட் ஆகவில்லை. இரண்டு இடங்களில் காட்டினேன். பேட்டரி, பிளக், பெட்ரோல் ஃபில்டர், கடைசியாகப் பெட்ரோல் பம்ப் என்று மாற்றி 16,000 ரூபாய் செலவாகிவிட்டது. கோளாறு அப்படியே இருக்கிறது. தொப்பூரில் நின்றபோது, வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே ஆர்.பி.எம். முள் பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்ததாக என் பேத்தி சொல்கிறாள். சின்னப் பெண், ஏதோ சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன். முன்பு எல்.பி.ஜி. கிட் இருந்தது, ஆறு ஆண்டுகளுக்கு முன் கழற்றிவிட்டேன். வண்டியை விற்றுவிடலாமா?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது, பம்ப் மாற்றியும் சரியாகாத இன்னொரு வண்டி என்றுதான் நினைத்தேன். அப்படிப்பட்ட வண்டிகள் என் ஷெட்டுக்கு அடிக்கடி வருகின்றன. இரண்டாம் முறை படிக்கும்போது பேத்தி சொன்ன வரியில் கண் நின்றுவிட்டது. எட்டு மாதத்தில் உங்கள் வண்டியைப் பற்றி ஒருவர் உருப்படியாகப் பார்த்துச் சொன்னது அந்த ஒன்றுதான். அந்தப் பெண்ணிடம் நான் பாராட்டியதாகச் சொல்லுங்கள். ஏன் என்பதைப் பிறகு விளக்குகிறேன்.

முதலில் மெக்கானிக்குகள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன், நானும் அந்தச் சாதிதான். டாக்டர் வீட்டுப் படியேறியதும் காய்ச்சல் விட்டுப்போன குழந்தையைப்போல வந்து நிற்கிறது உங்கள் வண்டி. தட்டினால் ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலிங் சீராக இருக்கிறது, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால் இழுவையும் குறையவில்லை. ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி, அது நிற்கும்வரை காத்திருக்க ஷெட்டில் யாருக்கும் நேரம் கிடையாது. எனவே கைக்கு எட்டுவதை மாற்றுவார்கள். உங்கள் பில்லில் உள்ள வரிசையைப் பாருங்கள்: பேட்டரி, பிளக், ஃபில்டர், பம்ப். கழற்றுவதற்கு எது எளிதோ அது முதலில். நோய்க்கும் அந்த வரிசைக்கும் சம்பந்தமே இல்லை.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு பேட்டரியை மாற்ற ஒரு காரணமும் இல்லை. நான்கு பிளக்கும் ஒரே நொடியில் செத்து, அரை மணி நேரம் கழித்து ஒன்றாக உயிர்த்தெழுவதும் கிடையாது. பிளக் கெட்டால் ஒரு சிலிண்டர் மிஸ் ஆகும், வண்டி உதறும். ஃபில்டர் அடைத்தால் ஏற்றத்தில் இழுக்காது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் திக்கும். அதுவும் நாளுக்கு நாள் மோசமாகும். பெட்ரோல் பம்ப் ஒன்றைத்தான் நானும் சந்தேகப்பட்டிருப்பேன். தேய்ந்த பம்ப் மோட்டார் சூடேறினால் திணறி நின்றுவிடும், ஆறினால் ஓடும். டேங்கை அடிப்பக்கம் கையால் தட்டினால் பம்ப் ஓடத் தொடங்குவதும் உண்டு. ஆனால் பம்ப் படுக்கும் வண்டி பெரும்பாலும் சொல்லிக்கொண்டுதான் படுக்கும்: ஓர் இழுப்பு, ஒரு திக்கல், பிறகு மூச்சு போகும். சாவியைத் திருப்பியதுபோல் அணைவதில்லை. உங்கள் கடிதத்திலேயே இருந்த அந்தச் சொற்றொடரை யாரும் காதில் வாங்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

உங்கள் வயதுக்காரர்கள் அம்பாசடரோ பிரீமியர் பத்மினியோ ஓட்டியிருப்பீர்கள். சித்திரை வெயிலில் மலை ஏறும்போது நின்றுவிடும். டிரைவர் பானெட்டைத் திறந்து, என்ஜின் மேலேயே உட்கார்ந்திருக்கும் பெட்ரோல் பம்ப்பின் மீது ஈரத்துணியைச் சுற்றிவிட்டு, ஒரு பீடி முடியும்வரை நிழலில் நிற்பார். வண்டி கிளம்பிவிடும். பம்ப்பும் குழாயும் சூடாகி, உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிடும்; திரவத்தைத் தள்ளத் தெரிந்த பம்ப்புக்கு ஆவியைத் தள்ளத் தெரியாது. வேப்பர் லாக் என்பார்கள். சூட்டில் நிற்கும், ஆறினால் ஓடும் என்ற அடையாளம் அதற்கும் உண்டு. பழைய கைகள் இன்றும் உடனே பெட்ரோல் பக்கம் பாய்வதற்குக் காரணம் அந்தப் பழக்கம்தான். உங்கள் காரில் பம்ப் பின்னால் டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கிறது. குழாயில் ஏறக்குறைய மூன்று பார் அழுத்தம் எப்போதும் நிற்கிறது. அந்த அழுத்தத்தில் பெட்ரோல் எளிதில் ஆவியாவதில்லை. நோயின் முகம் ஒன்றாகத் தெரிந்தாலும் ஆள் வேறு.

எத்தனால் கலந்த பெட்ரோலால் இப்படி ஆகிறதா என்று இப்போதெல்லாம் எல்லாரும் கேட்கிறார்கள். 20 சதவீத எத்தனாலை எதிர்பார்த்துச் செய்த வண்டி அல்ல உங்களுடையது. ஆகவே ரப்பர் குழாய்கள் வெடித்திருக்கின்றனவா, கசிகின்றனவா என்று ஆண்டுக்கொருமுறை பார்ப்பது நல்லது. ஆனால் இந்த நோய்க்கு அதன்மேல் பழி போட மாட்டேன்.

இப்போது பேத்தி பார்த்த முள்ளுக்கு வருவோம்.

எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் எந்த நொடியில் எந்த சிலிண்டருக்குப் பெட்ரோல் தெளிப்பது, எப்போது பொறி விடுவது என்று முடிவு செய்வது ஈ.சி.எம். என்ற பெட்டி. அந்தப் பெட்டிக்குக் கண் கிடையாது. பிஸ்டன்கள் சுற்றிவிடும் கிராங்க் ஷாஃப்ட் என்ற தண்டு எந்த நிலையில் நிற்கிறது, எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்பதை அதற்குச் சொல்வது கிராங்க் சென்சார், விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு. கிராங்கோடு சேர்ந்து ஒரு பல் சக்கரம் சுற்றும். பல கார்களில் அறுபது பல்லுக்கு இடம் இருக்கும், ஆனால் இரண்டு பல் வேண்டுமென்றே வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு பல்லும் சென்சாரின் முனையை மில்லிமீட்டர் கணக்கு இடைவெளியில் கடக்கும்போது அதற்குள் ஒரு சின்ன மின்துடிப்பு பிறக்கிறது. வெட்டிய இடம் வரும்போது துடிப்பு இரண்டு தடவை தப்பும். அந்தத் தப்பலை வைத்துத்தான் ஈ.சி.எம். சுற்றின் தொடக்கத்தை அறிகிறது. இந்தத் துடிப்பு நின்றுபோனால் ஈ.சி.எம். எடுக்கும் முடிவு ஒன்றே ஒன்று: என்ஜின் சுற்றவில்லை. சுற்றாத என்ஜினுக்குப் பொறி எதற்கு, பெட்ரோல் எதற்கு? இரண்டையும் அதே நொடியில் நிறுத்திவிடும், பம்ப்புக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயையும் விடுவித்துவிடும். திக்கல் இல்லை, முன்னறிவிப்பு இல்லை. சாவியைத் திருப்பி அணைத்ததுபோல்.

பெரும்பாலான வண்டிகளில் ஆர்.பி.எம். முள்ளும் இதே துடிப்பை நம்பித்தான் ஆடுகிறது. தொப்பூரில் என்ன நடந்திருக்க வேண்டும் என்று யோசியுங்கள். கியரில் இருக்கும் வண்டி இறக்கத்தில் அறுபதில் உருள்கிறது. பெட்ரோல் மட்டும் நின்றிருந்தால் சக்கரங்கள் என்ஜினைச் சுற்றிக்கொண்டே இருந்திருக்கும். முள்ளும் வண்டியின் வேகத்தோடு சேர்ந்து மெல்லத்தான் இறங்கியிருக்கும். என்ஜின் சுற்றிக்கொண்டிருக்கும்போதே முள் பொத்தென்று விழுந்தால், என்ஜின் சுற்றுகிறது என்ற செய்தி போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். இதில் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது, அதை நீங்கள்தான் நினைவுபடுத்திச் சொல்ல வேண்டும்: வண்டி அணைந்ததும் பயத்தில் கிளட்சை மிதித்தீர்களா? மிதித்திருந்தால் என்ஜின் தானாகவே நின்று முள்ளும் விழுந்திருக்கும். அப்போது பேத்தியின் சாட்சியம் பாதிதான் செல்லும்.

டீக்கடைச் சம்பவம் எனக்கு இன்னொரு சாட்சி. ஓடும்வரை ரேடியேட்டர் தண்ணீரும் எதிர்க்காற்றும் சூட்டை அள்ளிக்கொண்டு போகின்றன. அணைத்ததும் இரண்டும் நிற்கின்றன, என்ஜின் கட்டியின் சூடு மட்டும் போக வழியில்லாமல் சுற்றியுள்ள பாகங்களில் ஏறுகிறது. நிறுத்திய பத்துப் பதினைந்து நிமிடத்தில் பானெட்டுக்குள் இருக்கும் பாகங்கள் ஓடும்போது இருந்ததைவிடக் கூடுதலாகச் சுடும். கியர் பாக்ஸ் ஓரத்திலோ சைலன்சர் குழாய்க்கு அருகிலோ மாட்டியிருக்கும் சென்சாருக்கு அது மிக மோசமான நேரம்.

சூட்டில் அது ஏன் சாகிறது என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்தேன். உங்களுடையது போலவே மூன்று ஷெட் சுற்றி வந்த வண்டி ஒன்று. சென்சாரைக் கழற்றி மேசையில் வைத்து, இரண்டு காலிலும் மல்டிமீட்டர் முனையைக் கவ்வவிட்டேன். 840 ஓம் சொச்சம் காட்டியது. குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டிலிருந்து ஹேர் டிரையரை வரவழைத்துச் சூடு காட்டினேன். 860, 900, 940 என்று மெல்ல ஏறியது. அதுவும் இயல்புதான், செம்புக் கம்பி சூடேறினால் தடை கூடும். நான்கு நிமிடம் இருக்கும், எண் சட்டென்று மறைந்தது. திரையில் கம்பி அறுந்ததற்கான அடையாளம். டிரையரை அணைத்துவிட்டு டீ சொன்னேன். டீ வருவதற்குள் எண் திரும்பி வந்துவிட்டது. உள்ளே தலைமயிரைவிட மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள். எங்கோ ஒரு மயிரிழை விரிசல். சூட்டில் பிளாஸ்டிக் விரிந்தால் விரிசல் வாய் திறக்கும், ஆறினால் முனைகள் மறுபடி ஒட்டிக்கொள்ளும். வண்டிக்காரரிடம் காட்டுவதற்காக இரண்டாம் முறையும் சூடாக்கினேன். அதே இடத்தில் அதேபோல் போனது. குளிர்ந்த சென்சாரை மீட்டரில் வைத்துப் பார்த்துவிட்டு "சென்சார் நன்றாக இருக்கிறது" என்று சொல்லும் மெக்கானிக்கை நான் நம்புவதில்லை, இந்த ஒரு நாளுக்குப் பிறகு. சில கார்களில் ஹால் சென்சார் என்ற வேறு வகை இருக்கும். அதை ஓம் பார்த்துச் சோதிக்கவே கூடாது. துடிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் இதைப் படித்துவிட்டு நாளைக் காலை கடைக்குப் போய் கிராங்க் சென்சார் வாங்கிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் 16,000 ரூபாய்ப் பட்டியலில் ஐந்தாவது ஊகமாகத்தான் அதுவும் சேரும். துடிப்பு சென்சாரிலிருந்து ஈ.சி.எம். வரை ஒரு கம்பி வழியாகப் போக வேண்டும். உங்கள் வண்டியில் அந்தக் கம்பியின் வரலாறு எனக்குப் பிடிக்கவில்லை.

எல்.பி.ஜி. கிட்டைத்தான் சொல்கிறேன். கிட் போடும்போது பெட்ரோலை நிறுத்த ஓரிடத்திலும், ஆர்.பி.எம். செய்தியைத் திருட ஓரிடத்திலும் கம்பெனி ஒயரைக் கீறி ஒட்டுப் போடுவார்கள். அந்தச் செய்தியைச் சிலர் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயிலிலிருந்து எடுப்பார்கள், சிலர் கிராங்க் சென்சார் ஒயரிலிருந்தே எடுப்பார்கள். சாலிடர் வைப்பவர்கள் குறைவு. முறுக்கிக் கருப்பு டேப் சுற்றிவிடுவதுதான் பொது வழக்கம். கிட்டைக் கழற்றியவர் கேஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் கழற்றியிருப்பார். ஒட்டுகளைப் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார். ஆறு மழைக்காலம் போயிருக்கிறது. டேப்பின் பசை சூட்டில் உருகி ஓடியிருக்கும், உள்ளே செம்பு பச்சை பிடித்திருக்கும். சூடும் அதிர்வும் சேரும்போது தொடர்பு விடும். உங்கள் கோளாறுக்கு நான் சென்சாருக்கு முதல் இடம் கொடுத்தாலும், இந்த ஒட்டுக்கு அடுத்த இடம் கொடுக்கிறேன். இரண்டுக்கும் இடையில் பெரிய தூரமில்லை. கார் வாங்கிய புதிதில் திருட்டு அலாரம் மாட்டினீர்களா என்றும் யோசியுங்கள். டேஷ்போர்டுக்கு அடியில் என்ஜினை நிறுத்தும் ரிலே ஒன்றை அந்த அலாரக்காரர்கள் சொருகிவிட்டுப் போவார்கள். இருபது ஆண்டு கழித்து அது தன்னிஷ்டத்துக்கு வேலை செய்யும். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோயிருக்கும்.

மூன்றாவதாக மெயின் ரிலே. ஈ.சி.எம்.முக்கு மின்சாரம் கொடுப்பது அது. பழைய ரிலேக்களுக்குள் சாலிடரில் வளையமாக விரிசல் விட்டிருக்கும். உள்ளே சூடேறினால் தொடர்பு போய்விடும். கடைசியாக இக்னிஷன் சுவிட்ச். சாவிக்கொத்தில் வீட்டுச் சாவி, பீரோ சாவி, கேட் சாவி என்று கால் கிலோ தொங்குகிறதா? அந்தப் பாரம் ஆண்டுக்கணக்கில் சுவிட்சை இழுத்துத் தேய்த்துவிடும், பள்ளத்தில் இறங்கினால் தொடர்பு விடும். விளையாட்டான விஷயம் இல்லை. அமெரிக்காவில் 2014-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஏறத்தாழ 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது இதைப் போன்றதொரு குறைக்காகத்தான். சுவிட்ச் இருக்க வேண்டியதைவிடத் தளர்வாக இருந்தது; கனமான சாவிக்கொத்தோ ஒரு குலுங்கலோ போதும், ஓடும் வண்டி அணைந்துவிடும், ஏர்பேக்கும் விரியாது. அந்த நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியே 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. உங்களுக்கு அதுவல்ல என்று நினைக்கிறேன், ஏனென்றால் சுவிட்ச் கோளாறு சூடு பார்த்து வராது, அரை மணி நேரம் காத்திருக்கவும் வைக்காது. ஆனாலும் இன்றைக்கே கார் சாவியைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். காசு செலவில்லை.

இத்தனை பேரில் யார் குற்றவாளி என்பதை ஷெட்டில் கண்டுபிடிக்க முடியாது. வண்டி செத்துக் கிடக்கும் அந்த அரை மணி நேரத்தில்தான் முடியும். அந்த நேரத்தில் அங்கே இருப்பவர் நீங்கள் மட்டுமே. இதுவரை அந்த அரை மணி நேரத்தை வெயிலில் நின்று கவலைப்படுவதற்குச் செலவழித்திருக்கிறீர்கள். இனி அதைச் சோதனைக்குச் செலவழியுங்கள்.

அதற்கு முன் உயிர். ஓடும்போது அணைந்தால் கிளட்சை மிதிக்காதீர்கள், கியரில் விட்டுவிடுங்கள். சக்கரங்கள் என்ஜினைச் சுற்றும்வரை, பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டருக்கு வேக்கம் (என்ஜினின் உறிஞ்சு விசை) கிடைக்கும், ஸ்டியரிங்குக்கு உதவி செய்யும் பம்ப்பும் சுற்றும், இறக்கத்தில் வேகமும் பிடிபடும். கிளட்சை மிதித்த கணம் இவை போய்விடும். பூஸ்டரில் மிச்சமிருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதனால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தமாக மிதியுங்கள். அதற்குப் பிறகும் பிரேக் வேலை செய்யும், ஆனால் கல்லை மிதிப்பதுபோல் இருக்கும். முழுப் பலத்தையும் போட வேண்டும். உருளும்போது சாவியை வெளியே எடுத்துவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, இடது ஓரம் ஒதுங்கி, எல்லாரையும் இறக்கி சாலைத் தடுப்புக்கு அப்பால் நிற்க வையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் 1033-க்கு அழைத்தால் உதவி கிடைக்கும். வளைவிலோ தொப்பூர் போன்ற இறக்கத்திலோ நின்றால் சோதனை எதுவும் வேண்டாம். இறங்கி விலகி நில்லுங்கள், அவ்வளவுதான். கீழே எழுதுவது பாதுகாப்பான இடத்தில் நிற்கும் வண்டிக்கு மட்டும்.

ஏ.சி. ஃபேனை அணைத்து, கண்ணாடிகளை ஏற்றுங்கள். சாவியைச் செல்ஃப் அடிக்காமல் ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள். பின் சீட்டுப் பக்கம் பேத்தி காதை வைத்துக் கேட்கட்டும். இரண்டு மூன்று நொடிக்கு "உய்ய்ங்" என்று ஒரு முனகல் கேட்டு நிற்க வேண்டும். பம்ப் அழுத்தம் ஏற்றுகிற சத்தம் அது. வீட்டில் வண்டி நன்றாக இருக்கும்போதே இதைக் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சாலையில் எது சத்தம், எது பிரமை என்று தெரியாது. அதே நேரம் மீட்டரில் மஞ்சள் என்ஜின் விளக்கு எரிகிறதா என்று நீங்கள் பாருங்கள். எரியவே இல்லையென்றால் ஈ.சி.எம்.முக்கு மின்சாரமே வரவில்லை. மெயின் ரிலே, ஃப்யூஸ், சுவிட்ச் பக்கம் தேட வேண்டும், கிராங்க் சென்சாரை மறந்துவிடலாம். விளக்கு எரிந்து, முனகல் மட்டும் இல்லையென்றால் முதல் சந்தேகம் பம்ப் ரிலே. பல கார்களில் ஹார்ன் ரிலேயும் பம்ப் ரிலேயும் ஒரே மாதிரிதான் இருக்கும். எண் ஒன்றாக இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிச் சொருகிப் பாருங்கள். வண்டி ஸ்டார்ட் ஆகி ஹார்ன் அடிக்காமல் போனால் குற்றவாளி கையில் சிக்கிவிட்டான்.

முனகலும் இருந்து, விளக்கும் எரிந்தால், செல்ஃப் ஐந்து நொடி அடியுங்கள். பேத்தி போனில் மீட்டரை வீடியோ எடுக்கட்டும். செல்ஃப் சுற்றும்போது முள் பூஜ்யத்திலிருந்து கொஞ்சம் எழுந்து நடுங்க வேண்டும். அதையும் வீட்டில் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் மாடலில் எழுகிறதா என்று. வீட்டில் எழுந்த முள் சாலையில் செத்துக் கிடந்தால் சென்சாரோ அதன் ஒயரோதான். வேறு எங்கும் தேட வேண்டியதில்லை. முள் எழுந்தும் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் நான் இவ்வளவு நேரம் சொன்ன கதை தப்பு, அதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அப்போது சைலன்சர் வாயில் முகர்ந்து பார்க்கச் சொல்வேன். பெட்ரோல் வாசனை குப்பென்று வந்தால் பொறி இல்லை, காயில் பக்கம் போக வேண்டும். வாசனையே இல்லையென்றால் பெட்ரோல் வரவில்லை. பெட்ரோல் டேங்க் மூடியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். "புஸ்" என்று காற்றை உள்ளே இழுத்து, அடுத்த நிமிடமே வண்டி ஸ்டார்ட் ஆனால் டேங்குக்குக் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது. அபூர்வம், ஆனால் பார்த்திருக்கிறேன்.

செய்யக் கூடாதவை இரண்டு. ஆக்சிலரேட்டரைப் பொத்துப் பொத்தென்று மிதிக்காதீர்கள். கார்புரேட்டர் காலத்தில் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு துளி பெட்ரோல் போனது; இந்த வண்டியில் மிதிப்பதால் ஒன்றும் போவதில்லை, உங்கள் கால்தான் வலிக்கும். பிளக் ஒயரைப் பிடுங்கி பாடியில் காட்டிப் பொறி பார்க்க எந்த வழிப்போக்கரையும் விடாதீர்கள். அந்தக் காலப் பொறி கூச வைத்ததோடு விட்டது. இந்தக் காயில் ஆளைத் தூக்கிப்போடும், கூடவே ஈ.சி.எம்.மையும் கெடுக்கலாம்.

வீடியோ கையில் வந்ததும் மெக்கானிக்கிடம் போங்கள். கோளாறைச் சொல்லாதீர்கள், வீடியோவைக் காட்டுங்கள். ஸ்கேனர் போட்டுவிட்டு "எர்ரர் ஒன்றும் இல்லை" என்று சொன்னால் அதை ஏற்காதீர்கள். உங்கள் வயது வண்டியில் கிராங்க் துடிப்பு நின்றால், என்ஜினை அணைத்துவிட்டார்கள் என்று ஈ.சி.எம். நினைத்துக்கொள்ளலாம், அப்போது எர்ரர் பதிவாகாது. எர்ரர் இல்லை என்பதற்குக் கோளாறு இல்லை என்று பொருள் கிடையாது. அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: எல்.பி.ஜி. ஒட்டுகளைத் தேடிப் பிரித்து, சாலிடர் வைத்து மூடுங்கள். சென்சார் கனெக்டரைக் கழற்றி எண்ணெய், பச்சை, தளர்ச்சி பாருங்கள். பிறகு சென்சாரைக் கழற்றிச் சூடாக்கி அளவு பாருங்கள். சூட்டில் எண் போனால் புதியது போடுங்கள். ஒட்டுகளைப் பிரிக்கத்தான் அரை நாள் பிடிக்கும். அதற்குக் கூலி கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள், பாகம் மாற்றுவதைவிட உழைப்பான வேலை அது. சென்சார் விலை நீங்கள் மாற்றிய பம்ப்போடு ஒப்பிட்டால் பயப்படும்படி இருக்காது. ஆனால் டூப்ளிகேட் வேண்டாம்; சூட்டில் சாகும் பாகத்துக்குப் பதிலாகச் சூட்டையே தாங்காத பாகத்தை வாங்குவதில் அர்த்தமில்லை. கழற்றிய பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பம்ப்பையும் கேளுங்கள், அது நன்றாகவே இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

மாற்றிய பிறகு சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வண்டி மாதம் இரண்டு முறைதான் நின்றது என்றால், ஒரு வாரம் நிற்காமல் ஓடியதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஊருக்குள்ளேயே முக்கால் மணி நேரம் ஏ.சி. போட்டு ஓட்டி, வீட்டில் பானெட்டைத் திறக்காமல் பத்து நிமிடம் நிறுத்தி, திரும்ப ஸ்டார்ட் செய்யுங்கள். உச்சி வெயிலில் செய்யுங்கள், காலைக் குளிரில் செய்து பயனில்லை. இப்படிப் பத்து முறை தேறினால் நான் நம்புவேன்.

விற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். 1,12,000 கிலோமீட்டர் ஒரு என்ஜினுக்கு வயதே இல்லை. எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்து, இருபது ஆண்டு தாண்டியும் வைத்திருக்கிறீர்கள் என்றால் அந்த வண்டியின்மேல் உங்களுக்குப் பிரியம் இருக்கிறது. அதை விடுங்கள், கணக்கைப் பார்ப்போம். இந்தக் கோளாறோடு விற்றால், "வழியில் நிற்கும்" என்று மறைக்காமல் சொல்ல வேண்டும். சொன்னால் காயலான் கடை விலைதான் கிடைக்கும். சொல்லாமல் விற்க ஒரு தலைமையாசிரியருக்கு மனம் வராது என்று நினைக்கிறேன். சரிசெய்துவிட்டு, பிறகும் விற்கத் தோன்றினால் விற்றுக்கொள்ளுங்கள்.

பத்து முறை தேறும்வரை தொப்பூர்ப் பக்கம் மட்டும் இந்த வண்டியை எடுத்துப் போக வேண்டாம். தருமபுரியிலிருந்து சேலத்துக்கு பஸ் நிறையவே இருக்கிறது.